ஆட்டுக்குட்டிப் படத்தின் கீழே கழற்றிய சப்பாத்து

போன வியாழக்கிழமை பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் முருங்கைக்காய் வாங்கப் போனேன்.

கடைக்காரத் தம்பி என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார்.

"அந்தோனி அண்ணை, இஞ்சை சப்பாத்தோட வரலாம். இது கோயில் இல்லை, மரக்கறிக் கடை."

கடைக்குள் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"உண்மையோ அண்ணை? நாய் குடிக்கிற தண்ணியிலயோ சிலுவை போட்டனீங்கள்?"

விளங்கிவிட்டது. கதை வந்து சேர்ந்துவிட்டது.

இங்கிலாந்திலிருந்து திரும்பி மூன்று கிழமையாக நான் வாயைத் திறக்கவில்லை. பலன் என்ன? அங்கே இருக்கும் என் மச்சான், பாரிஸ் ஓரத்தில் ஆர்ஜொந்தெய்யில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் பண்ணியிருக்கிறார். ஆர்ஜொந்தெய்யிலிருந்து கதை கூசேன்வில் போயிருக்கிறது. கூசேன்விலில் ஏறி, நேரே எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் இறங்கிவிட்டது.

இனி மறைத்து என்ன காணப்போகிறேன்? நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்று... கடைக்காரத் தம்பிக்குத் தெரிந்தது பாதிக் கதை. சிரிக்கிற பாதி. மற்றப் பாதியை இன்றைக்குக் கொஞ்சம் தலையை நிமிர்த்தி எழுதப்போகிறேன். இந்தப் பத்தியில் நான் தலை நிமிர்த்துவது அடிக்கடி நடக்கிற காரியமா?

என் தங்கச்சி திரேசாவும் அவள் புருசன் அருளப்புவும் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் கடை வைத்திருக்கிறார்கள். பாண், பால், பத்திரிகை, முத்திரை, தகரத்தில் அடைத்த மீன். லண்டனில் இருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், பிறகு மச்சானின் வானில் அரை மணி நேரம். புல், மாடு, மழை. மூன்றையும் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் ஊர்.

நான் பாரிஸில் ஒரு ரெஸ்ரோறண்டில் தட்டுக் கழுவுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். முதலாளி ஒரு கிழமை லீவு தந்தார். பயணப் பத்திரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து ஊசி குத்திக்கொண்டு கலேயில் கப்பல் ஏறினேன். தங்கச்சியைக் கண்டு ஆறு வருடம். அழுதோம். சாப்பிட்டோம். மறுபடியும் சாப்பிட்டோம்.

அன்று பின்னேரம் மச்சான் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். கையால் வரைந்த ஊர்ப் படம்.

"மச்சான், இதைப் பாருங்கோ. இந்த ஊர்ப் பங்கில பாக்க வேண்டிய இடமெல்லாம் போட்டு ஊர்க்காரர் ஒரு படம் அச்சடிக்கப் போகினமாம். கோடையில ரவுணில இருந்து சனம் நடக்க வரும். வாறவை இதைக் கையில வைச்சுக்கொண்டுதான் நடப்பினம்."

"நல்ல விசயம்தானே?"

"நல்ல விசயமோ? பாலத்துக்கு நம்பர் இருக்கு. கோயில் வளவில நிக்கிற மரத்துக்கு நம்பர் இருக்கு. செத்துப்போன குதிரை ஒண்டுக்கு ஆரோ கல்லு நட்டிருக்கினம், அதுக்கும் நம்பர் இருக்கு. மூண்டு தவறணைக்கும் மூண்டு நம்பர். எங்கட கடை இருக்கிற இடத்தில என்ன போட்டிருக்கினம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

நான் குனிந்து பார்த்தேன். ஒரு அம்புக்குறி.

"மூத்திர வீட்டுக்குப் போற வழி!" என்றார் மச்சான்.

மூன்று வருடமாக அவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். ஊர்ச் சனம் வரும், முத்திரை வாங்கும், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும். ஆனால் கிழமைச் சாமானுக்குக் கார் எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போகும். கோடையில் நடக்க வருகிறவர்களை நம்பித்தான் கடை ஓடுகிறது. படத்தில் இல்லை என்றால் அவர்களும் வரமாட்டார்கள். மாரிக்கு முன்னம் கடையைப் பூட்டிவிட்டு லண்டனுக்குப் போய் யாருக்காவது கீழே வேலை செய்ய வேண்டியதுதான்.

அது ஒரு கவலை. ஆனால் மச்சானின் விரல் அந்த அம்புக்குறியின் மேலேயே நின்றது. மூன்று வருடம் இருந்தும் இந்த ஊரில் நாங்கள் இல்லை... அதுதான் அவருக்குக் குத்தியது.

"போய்க் கேட்டால் என்ன?" என்றேன்.

"எங்கை போய்க் கேக்கிறது? படத்துக்கெண்டு கூட்டம் எங்கை வைக்கினம் தெரியுமோ? தவறணையில! சனிக்கிழமை மத்தியானத்தில! வாங்கோ எண்டு எனக்கு மூண்டு தரம் கடிதம் வேற. நான் தவறணைப் படி மிதிக்கமாட்டன் எண்டு தெரிஞ்சுதான் அங்கை வைக்கினம்."

இங்கிலாந்தில் அதைப் பப் என்பார்கள். மச்சானுக்கு அது தவறணைதான். எங்கள் பக்கத்துக் கள்ளுத் தவறணையை நினைத்துப் பாருங்கள். ஓலைக் கொட்டில், புளித்த மணம். போகிறவர் துவாயால் தலையை மூடிக்கொண்டு பின்பக்கத்தால் போவார். முன்பக்கத்தால் போகிற அளவுக்கு வந்துவிட்டவரைப் பற்றி ஊர் பேசுவதை நிறுத்திவிடும்.

"அருளப்பு தவறணையில இருந்தவன் எண்டு ஆர்ஜொந்தெய்யில கதைச்சால், நாளைக்கு என்ர பிள்ளையளை ஆர் கட்டுவினம்?"

மூத்தவளுக்கு ஏழு வயது. மச்சானுக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு எப்போது இருந்தது?

"வாற சனிதான் கடைசிக் கூட்டம். திங்கள் அச்சுக்குப் போகுது. சரி, விடுங்கோ" என்று படத்தை மடித்தார்.

அடுத்த நாள் காலை எழுந்து பின்வளவுக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய கல் தொட்டி. அவர்கள் கடை வாங்கும்போதே அது அங்கே இருந்ததாம். திரேசா அதில்தான் மீன் கழுவுவாள். தொட்டிக்கு நடுவில் ஒரு ஓட்டை. அதைத் துணியால் அடைத்து வைத்திருந்தாள். வெளிப்பக்கம் முழுவதும் பாசி, கறுப்பாக, தடிப்பாக.

தட்டுக் கழுவுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஊத்தைத் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. இரும்புத் தும்பும் சவர்க்காரத் தூளும் எடுத்தேன். மூன்று காலை தேய்த்தேன். பாசி உரிந்தது. உள்ளே மஞ்சள் கல். தொட்டிக்கு எட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் செதுக்கிய பூ ஒன்று, ஐந்து இதழோடு. ஒரு பூவில் மட்டும் இரண்டு இதழ் உடைந்திருந்தது.

வடிவான தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்களாக்கும் என்று நினைத்தேன். மாட்டுக்கு எதற்குப் பூ? மாட்டுத் தொட்டிக்கு எதற்கு நடுவில் ஓட்டை? அந்தக் கேள்வி மனதின் ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் திரேசா வந்து தும்பைப் பறித்தாள்.

"அண்ணை, பாரிஸிலயும் சிங்குக்கு முன்னால, இஞ்சையும் சிங்குக்கு முன்னாலயோ? போய்க் கொஞ்சம் நடந்திட்டு வாங்கோ. நான் இதில மீன் வெட்டவேணும்."

போனேன். ஊர் சின்னது. கடைத்தெரு என்றால் கடை ஒன்றுதான், அது எங்களுடையது. கோயில் கோபுரம் தெரிந்தது. அது புரட்டஸ்தாந்துக் கோயில், நாங்கள் போவதில்லை, எட்டு மைல் தள்ளி ரவுணில்தான் கத்தோலிக்கக் கோயில் என்று மச்சான் சொல்லியிருந்தார். சரி என்று மற்றப் பக்கம் திரும்பினேன்.

திரும்பிய இடத்தில்... வெள்ளை ஆட்டுக்குட்டி!

பழைய கல் வீடு. வாசலுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. அதில் ஆட்டுக்குட்டி ஒன்று முன்னங்காலை மடித்து ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக் கொடி, சிவப்புச் சிலுவை. தலையைச் சுற்றி ஒளிவட்டம்.

நான் பிறந்த ஊரின் பங்குக் கோயிலில், நற்கருணைப் பேழைக்கு முன்னால் தொங்கும் சீலையில் இதே ஆட்டுக்குட்டிதான். இதே கொடி, இதே மடித்த கால். சின்ன வயதில் பூசை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

மச்சான் மூன்று வருடம் இருந்தும் இதைக் காணவில்லையே! எட்டு மைல் போகிறாரே மனிதர்! எங்கள் சிற்றாலயம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே!

சந்தோசம் பொங்கியது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கோயிலுக்குள் சப்பாத்தோடு போய்ப் பழகவில்லை. சொக்ஸில் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. மாதா மன்னிப்பார் என்று நினைத்தேன்.

தீர்த்தம் எங்கே? வாசற்படியில் ஒரு மண் கிண்ணம், நிறையத் தண்ணீர். இவ்வளவு கீழே வைத்திருக்கிறார்களே, புரட்டஸ்தாந்து ஊரில் எங்கள் ஆட்கள் அடக்கமாக இருக்கிறார்கள் போல... குனிந்து விரலைத் தொட்டேன். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள்.

கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டு. வர்ணக் கண்ணாடி யன்னல். உயர்ந்த முதுகுள்ள மர வாங்குகள். தூரத்தில் வெளிச்சம், பித்தளை மினுக்கம். ஒரு முழங்காலை மடித்து வணங்கினேன்.

எழும்பும்போதுதான் கண் பழகியது. மினுங்கியவை போத்தல்கள். பித்தளைக்குப் பின்னால் நின்றவர் குருவானவர் இல்லை, கையில் பியர்க் கிளாஸ். எனக்குப் பின்னால் ஒரு கிழட்டு நாய் வந்து, என் தீர்த்தத்தைச் சளக் சளக் என்று நக்கிக் குடித்தது.

ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்களா? கால் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பப் முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பெரிய மனிதர், சிவந்த முகம். என் காலைப் பார்த்தார். பிறகு மற்ற எல்லாரையும் பார்த்து, கையை நீட்டி ஒரு சத்தம் போட்டார். எல்லாரும் தலையைக் குனிந்து தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் அரை இறாத்தல் சேறு.

யன்னலோர மேசையில் இருந்த கிழவர் ஒருவர் எழும்பி வந்தார். ஜோர்ஜ் என்று பெயர். என் முகத்தில் என்ன கண்டாரோ, ஆங்கிலம் இரண்டு வசனம் பேசிவிட்டு நிறுத்தினார். நான் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிரான்ஸ்?" என்றார்.

"ஓம்... பாரிஸ்" என்றேன்.

உடனே பிரெஞ்சில் தொடங்கிவிட்டார்! யுத்தத்தில் போய் நோர்மண்டியில் கிடந்தவராம். நாற்பது வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு. அவருக்குத் தெரிந்தது பாலம், முட்டை, குண்டு, குனி, ஓடு. எனக்குத் தெரிந்தது தட்டு, கோப்பை, சூடு, கெதி, எவியே. எவியே என்றால் தட்டுக் கழுவுகிற சிங்க். நான் பிரெஞ்சு படித்த பள்ளிக்கூடமே அதுதான். இரண்டு பேருடைய பிரெஞ்சையும் சேர்த்தால் ஒரு ஆளுடைய பிரெஞ்சு வரும்.

முதலாளி போட்ட சத்தம் என்ன என்று அவர்தான் சொன்னார். "முப்பது வருசமாகச் சேற்றுச் சப்பாத்தை வாசலில் விடுங்கள் என்று கெஞ்சுகிறேன். முதல் முதல் கழற்றிவிட்டு வந்த கனவான் இவர்தான். பார்த்துப் பழகுங்கள்!"

கனவான்! நான்!

யன்னலோர மேசையில் ஐந்து பேர். நடுவில் அதே ஊர்ப் படம். ஆறாவது கதிரை காலியாக இருந்தது. ஜோர்ஜ் என்னை அதில் இருத்தினார். நான் திரேசாவின் அண்ணன் என்று எப்படியோ விளங்கப்படுத்தினேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இது உங்கள் மச்சானுடைய கதிரை" என்றார் ஜோர்ஜ். "மூன்று கூட்டத்துக்கும் போட்டுவைத்தோம். வரவில்லை. எங்களோடு சேர விருப்பமில்லையாக்கும் என்று நினைத்தோம். கேட்காமல் கடையைப் படத்தில் போடலாமா?"

எங்கள் ஆள் அங்கே இருந்துகொண்டு, என்னைச் சேர்க்கவில்லை என்று அழுகிறார். இவர்கள் இங்கே கதிரை போட்டுவிட்டு, அவர் சேரவில்லை என்று நினைக்கிறார்கள். நடுவில் நூறு மீற்றர் தூரம்!

மேசைத் தலைமாட்டில் ஹில்டா என்ற அம்மா. ஊர்ச் சரித்திரம் எல்லாம் அவருடைய கையில். நான் ஏன் வாசலில் சிலுவை போட்டேன் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு மொழி போதாது. உண்மையைச் சொன்னேன். ஆட்டுக்குட்டி, கொடி, கோயில்.

எல்லாரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஹில்டா அம்மா மேசையில் ஓங்கி அடித்தார்.

"அவர் சொன்னது சரி!" ஜோர்ஜ் மொழிபெயர்த்தார். "கோயில் கட்ட வந்த கல்வேலைக்காரர் தங்குவதற்குக் கோயில் கட்டிய வீடுதான் இது. பிறகுதான் பப் ஆனது. அந்த ஆட்டுக்குட்டி உங்களுடைய ஆட்டுக்குட்டியேதான். இங்கே குடிக்கிற ஒருத்தருக்கும் அது தெரியாது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு ஒரு பார்வையில் தெரிகிறது!"

எனக்கு எலுமிச்சைச் சோடா வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. அன்று அவர்கள் படத்தில் உள்ள இடமெல்லாம் நடந்து பார்க்கவேண்டிய நாள், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணிக்க. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மணிக்கூடு என் கையில்தான் தந்தார்கள்.

பாலம் பார்த்தேன். ஒரு வண்டி மட்டும் போகலாம், எதிரே வண்டி வந்தால் ஆள் ஒதுங்குவதற்குச் சுவரில் மூலை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். குதிரைக் கல்லைப் பார்த்தேன். ஆற்றங்கரையில் இரண்டாவது பப். கூரை தலையில் இடிக்கும். ஜோர்ஜ் குனியச் சொல்லிக் கத்தினார், யுத்தத்தில் கற்ற அதே சொல்லால். அங்கும் நான் சப்பாத்தைக் கழற்றினேன். இம்முறை ஐந்து பேரும் கழற்றினார்கள். மூன்று ஓட்டைச் சொக்ஸ்! மனம் குளிர்ந்தது. இரண்டரை மணிக்கு அங்கே மணி அடித்தார்கள், இனிக் குடி இல்லை என்று. பூசை மணி என்று நான் பழக்கதோசத்தில் தலையைக் குனிந்துவிட்டேன். மூன்றாவது பப்பையும் பூட்டிவிட்டார்கள். பழைய காலத்தில் தபால் வண்டிக்குக் குதிரை மாற்றிய இடமாம், வாசலில் நின்று பார்த்தோம்.

கடைசியாகக் கோயில். நான் தயங்கினேன். ஹில்டா அம்மா என் கையைப் பிடித்தார்.

"வாருங்கள். ஒரு காலத்தில் இது உங்கள் கத்தோலிக்க ஆட்களுடைய கோயில்தான்."

உள்ளே கதவுக்குப் பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டி. மேலே வட்டமான வெள்ளைச் சலவைக்கல் கிண்ணம். கீழே அதைத் தாங்கும் கால்... அந்தக் காலுக்கும் கிண்ணத்துக்கும் பொருத்தமில்லை. கால் மஞ்சள் கல். எட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பூ.

ஐந்து இதழ்.

என் கை தானாகப் போய் அந்தப் பூவைத் தடவியது. மூன்று காலை தேய்த்த கை. அதற்குத் தெரியாதா?

ஹில்டா அம்மா சொல்லச் சொல்ல ஜோர்ஜ் மொழிபெயர்த்தார். ராசாவுக்கு எதிராகச் சண்டை பிடித்த காலத்தில் படைக்காரர் வந்து பழைய தொட்டியைக் கழற்றி வெளியே எறிந்தார்களாம். கால் மட்டும் மிச்சம். முந்நூறு வருடத்துக்கு மேல் யாரும் அந்தத் தொட்டியைக் காணவில்லை. ஆற்றுக்குள் போயிருக்கும் என்கிறார்கள்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன். சரித்திரம் படித்த அம்மாவுக்கு நான் சொல்வதா? பிழைத்துப்போனால்? மச்சானுடைய மானம் போகுமே! அவர்கள் கதவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். வெளியே போய்விட்டால் முடிந்தது, திங்கள் அச்சு, அம்புக்குறி.

அந்த அம்புக்குறிதான் என்னைத் தள்ளியது.

"மிஸ்ரர் ஜோர்ஜ்!" என்றேன். கோயில் முழுக்கக் கேட்டது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது.

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பிரெஞ்சில் என்ன? எனக்கு எங்கே தெரியும்? தெரிந்ததை வைத்துச் சொன்னேன்.

"கோயிலுடைய எவியே... என் தங்கச்சி வீட்டில். எட்டு. பூ. மீன்."

ஜோர்ஜ் இரண்டு தரம் கேட்டார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். பிறகு எனக்கும் சொன்னார், தான் என்ன சொன்னார் என்று: "இந்தக் கோயிலின் சிங்க் இவருடைய தங்கச்சியிடம் இருக்கிறதாம். அதற்குள் மீன் இருக்கிறதாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹில்டா அம்மா ஓடத் தொடங்கினார். எழுபது வயது இருக்கும்!

இனி மச்சானுடைய பக்கத்திலிருந்து பாருங்கள். கடை வாசலில் நிற்கிறார். என்னை எங்கே என்று தேடுகிறார். அப்போது தெருவில் நான் வருகிறேன். முன்னால் ஒரு கிழவி ஓடுகிறாள். பின்னால் தவறணைக் கூட்டம் முழுவதும். பப் முதலாளியும் கடையைப் பூட்டிவிட்டுச் சேர்ந்துகொண்டார். என் சப்பாத்து என் கையில், கோயிலில் போட நேரமில்லை.

"திரேசா! ஓடி வா! உன்ர கொண்ணர் குடிச்சுப்போட்டு ஊரையே கூட்டிக்கொண்டு வாறார்!"

"மச்சான், நான் சோடாதான் குடிச்சனான்..."

"மணக்குது!"

மணத்தது நான் இல்லை, பப் முதலாளி. விளக்கம் சொல்ல எங்கே நேரம்? எல்லாரும் பின்வளவுக்குள் பாய்ந்தார்கள். திரேசா கத்தியோடு நிற்கிறாள். தொட்டிக்குள் வெட்டிய மீன், செதில், இரத்தத் தண்ணீர்.

ஹில்டா அம்மா முழங்காலில் விழுந்து பூவைத் தடவினார். உடைந்த இரண்டு இதழையும் தடவினார். பையிலிருந்து அளவு நாடா எடுத்து அடியை அளந்தார். ஜோர்ஜிடம் ஒரு எண் சொன்னார். கோயிலில் நிற்கிற காலின் அளவும் அதேயாம். அவருக்கு அது பாடம்.

பிறகு அழுதார். சத்தமில்லாமல், தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. மீன் தண்ணீர் கோட்டெல்லாம் வழிந்தது.

"என்னண்ணை இது? ஏன் அந்த மனிசி அழுறா?" என்றாள் திரேசா.

"திரேசா, இது ஞானஸ்நானத் தொட்டி. இந்தக் கோயிலுடையது. முந்நூறு வருசமாத் தேடுகினம்."

அவள் கையிலிருந்த கத்தி விழுந்தது. "ஐயோ மாதாவே! மூண்டு வருசம் இதிலயெல்லோ மீன் கழுவினனான்!"

ஜோர்ஜ் அதை மொழிபெயர்த்தார். ஹில்டா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரேசாவைக் கட்டிப்பிடித்தார். யேசுவின் சீடர்கள் முதலில் என்ன தொழில் செய்தவர்கள் என்று கேட்டாராம். மீன் பிடித்தவர்கள்தானே!

என்னிடம் மட்டும் ஒரு கேள்வி. பாசியை எதால் தேய்த்தேன் என்று. இரும்புத் தும்பு என்றேன். அவருடைய முகம் வெளுத்துப்போனது. இனி ஒருநாளும் அப்படிச் செய்யாதே என்றார். ஆனால் தேய்த்திராவிட்டால் பூ எங்கே தெரிந்திருக்கும்? நான் அதைச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தைரியம் போதும்.

தொட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோவதா? அங்கேதான் எனக்குப் பெரிய சிரிப்பு. இங்கிலாந்தில் கோயிலுக்குள் ஒரு கல்லை வைக்கக் கடதாசி வேண்டுமாம். மேலிடத்தில் விண்ணப்பம் போடவேண்டும். விசாரிப்பார்கள். இந்தக் கல் உண்மையில் இந்த ஊர்க் கல்தானா என்று அத்தாட்சி கேட்பார்கள். வருடக்கணக்காகும். வாசகர்களே, எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? கடதாசி வரும் வரைக்கும் அந்தக் கல்லுக்கு அடைக்கலம் கொடுத்திருப்பது யார்? எங்கள் மச்சான் அருளப்பு!

அன்று பின்னேரம் ஆறு மணிக்குப் பப் மறுபடி திறந்தது. படத்தில் கடைசித் திருத்தம் செய்யவேண்டும், கடைக்காரருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஆள் வந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். திரேசாவைப் பார்த்தார்.

"போங்கோவன்" என்றாள் திரேசா. "கோயில் கட்டின வீடாம். அண்ணை சொன்னவர்."

மச்சான் கோட்டுக் கொலரைக் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். தெருவில் ஒரு மாடு மட்டும் நின்றது. ஆட்டுக்குட்டியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். கொலரை இறக்கினார்.

அந்த ஆறாவது கதிரை இன்னும் காலியாகத்தான் இருந்தது. மச்சான் அதில் போய் இருந்தார். நான் நின்றுகொண்டேன். எனக்கு நிற்கத்தான் பிடித்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை தபாலில் அச்சடித்த படம் வந்தது. ரெஸ்ரோறண்டில் என் சிங்குக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். முதலாளி தட்டை விட்டுவிட்டு அதையே பார்க்கிறார். அம்புக்குறியைக் காணோம். அந்த இடத்தில் பெரிதாக எண் ஏழு. ஊர்க் கடையும் பழைய ஞானஸ்நானத் தொட்டியும், திரு திருமதி அருளப்பு. கடையில் சனம் நிற்கிறதாம். போனில் மச்சான் சொன்னார், கெதியாய்க் கதையுங்கோ, ஆக்கள் நிக்கினம் என்று. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னை அவசரப்படுத்தினார். அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

எண் ஒன்று, ஆட்டுக்குட்டிப் பப். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. பப் முதலாளி கேட்டுப் போடச் சொன்னாராம். "பாரிஸிலிருந்து வந்த கனவான் செய்ததுபோல், சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வரவும்."

கடைக்காரத் தம்பி, இதையும் கொஞ்சம் கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆட்டுக்குட்டியையும் பாலத்தையும் பாருங்கள், எண் ஏழில் எதையாவது வாங்குங்கள். வாசற்படிக் கிண்ணம் நாய்க்கு. ஒரே ஒரு வேண்டுகோள்தான் — ஓட்டை இல்லாத சொக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.